மின்னல் மாஷ் சொன்ன பதில்

பிஜேஷை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவன் உயிரோடுதான் இருந்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுந்த இடத்திலேயே செத்தான், வருகிற வழியில் செத்தான் என்று பிறகு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் அன்று பகல் டியூட்டியில் இருந்த நர்ஸ் நான். எனக்குத் தெரியாததா அவர்களுக்குத் தெரியும்?

ஜீப்பின் பின்பக்கம் தார்ப்பாயில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலே இல்லை. முகத்தில் ஒரு கண் மிச்சம் இருந்தது. வயிற்றுப்பக்கம் பார்த்த டாக்டர், புதிதாக வேலைக்கு வந்த பையன், சுவரைப் பிடித்துக்கொண்டான். தூக்கிவந்த நாலு பேரில் ஒருவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"இடி விழுந்துருச்சு சிஸ்டர். முந்திரித் தோட்டத்துல நின்னுட்டிருந்தான்."

வெளியே துலாமாத இடி உண்மையாகவே உருண்டுகொண்டிருந்தது. நான் பிஜேஷின் மார்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடுக்கியில் வளைந்த ஆணி ஒன்று வந்தது. அதைப் பேசினவன் முன்னால் தட்டில் போட்டேன்.

"இது மேகத்துலேர்ந்து விழுந்துதாடா?"

அவன் வெளியே போய்விட்டான்.

பிஜேஷ் சட்டென்று சாகவில்லை. "அம்மே, அம்மே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு தடவை என்னை அடையாளம் கண்டுகொண்டு, "காஞ்சனேச்சி, கை எரியுது, தண்ணி ஊத்துங்க" என்றான். இல்லாத கைக்கு எங்கே ஊற்றுவது? ஊற்றினேன், வெறும் விரிப்பில். மறுபடியும் அம்மே. மழை விடும்வரை கூப்பிட்டான். அவனுடைய அம்மா ரோஹிணி அந்த நேரத்தில் பீடிக் கம்பெனியில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் ஆள் அனுப்பவில்லை. முகத்தைக்கூடக் காட்டாமல், கொடி போர்த்தி, வெள்ளைத்துணி கட்டி, மறுநாள் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். அவளிடம் சொன்னது ஒன்றுதான்: இடி விழுந்தது, அந்த நொடியே போய்விட்டான்.

எங்கள் ஊரில் ஒரே கொடிதான். ஆற்றுக்கு அக்கரையில் வேறு கொடி. அவர்கள் குண்டு செய்து இங்கே எறிவதும் இவர்கள் செய்து அங்கே எறிவதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். போலீஸ் தன் பங்குக்கு வெடிகுண்டு என்று எழுதியது. இங்கே போலீஸ் எழுதுவதை நம்புவது கட்சிக்குச் செய்கிற துரோகம். ஆனால் இந்தத் தடவை தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகளைக் கட்சி ஆபீஸ் பக்கம் விடாமல் வீட்டில் பிடித்துவைக்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் கட்சிக்காரன் வத்சனுக்கு என் அண்ணன் தேவைப்பட்டார்.

என் அண்ணன் பவித்ரனை ஊரில் மின்னல் மாஷ் என்பார்கள், எனக்கு அவர் ஏட்டன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் அறிவியல் எழுத்தாளர். நட்சத்திரம், நண்டு, காய்ச்சல், கடல் அலை என்று மலையாளத்தில் அவர் எழுதிய புத்தகங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கும். கோழிக்கோட்டுப் பத்திரிகையில் வாராவாரம் பத்தி வேறு. மின்னலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் வீட்டுக்கு வீடு போனது. துலாமழையில் வயலில் நின்று செத்தவர்கள் எங்கள் பக்கம் அதிகம். அந்தப் புத்தகம் வந்தபிறகு மாடு மேய்க்கிறவன்கூட இடி கேட்டால் மரத்தடியை விட்டு ஓடினான். திருச்சூரில் மேடைபோட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பேராசிரியர் மட்டும், "இது பீடி சுத்தறவங்க விஞ்ஞானம்" என்று இளக்காரமாகப் பேசினார். ஏட்டன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பேராசிரியர் சொன்னதில் பொய் இல்லை. பீடிக் கம்பெனியில் எல்லோரும் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் சுற்றாமல் உரக்கப் படிப்பார். காலையில் பத்திரிகை, மதியத்துக்குமேல் நாவல். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக்கொடுப்பார்கள். ஏட்டன் எதை எழுதினாலும் அச்சுக்கு முன்னால் அங்கே படிக்கக் கொடுப்பார். சனிக்கிழமை போய் முன்னால் உட்காருவார். யாராவது கேள்வி கேட்காமல் எழுந்திருக்க மாட்டார். கேட்டால் எதுவானாலும் பதில் சொல்வார், தெரியாவிட்டால் தெரியாது என்பார். மின்னல் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு ரோஹிணி, "மாஷே, இதைக் கேட்டுட்டு என் பீடி எல்லாம் கோணலாப் போச்சு. ஒரு எழவும் புரியலை" என்றாள். கொட்டகையே சிரித்தது. ஏட்டன் ஒரு மாதம் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினார். அவர் எழுதுகிற லட்சணம் அப்படி. கல்யாணம் செய்துகொள்ளாததற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

எரித்த நாலாம் நாள் வத்சன் வீட்டுக்கு வந்தான். கட்சியின் உள்ளூர்ச் செயலாளர், ஏட்டனிடம் படித்தவன். வெளியே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் இறங்காமல் இருந்தார்கள்.

"மாஷே, ஒரு பக்கம் போதும். அன்னிக்கு மின்னல் எப்படி விழுந்துது, ஏன் உடம்பு அப்படி ஆச்சு. உங்க நடையில."

"அன்னிக்கு மின்னல் விழலையே வத்சா."

"நீங்க பார்த்தீங்களா?"

"இவ பார்த்தா." என்னைக் காட்டினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து என் மடியில் விட்டார்.

வத்சன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "காஞ்சனேச்சிக்கு அன்னிக்கு நிறைய வேலை. களைப்புல என்னவோ பார்த்திருப்பாங்க. இல்லையா சேச்சி?"

நான் காப்பியை அவனிடம் நீட்டினேன். எனக்குப் பயம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவர்கள் வெட்டிப்போட்ட கால்களை வாளியில் வைத்துத் தூக்கியவள் நான்.

"அந்த அம்மாவை யோசிச்சீங்களா மாஷே? பிள்ளை குண்டு செஞ்சு செத்தான்னு ஊர் சொன்னா அவங்க எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாங்க? உங்களுக்குச் சத்தியம் பெரிசா, ஒரு தாய் பெரிசா?"

"அந்தத் தாயோட பிள்ளை கையில குண்டைக் குடுக்கறப்போ இதைக் கேட்டிருக்கலாமே."

வத்சன் காப்பிக் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"சரி. எழுத வேண்டாம். சனிக்கிழமை கம்பெனியில வழக்கம்போல வகுப்பு எடுங்க. மின்னலைப்பத்தி மட்டும். பிஜேஷ் பேரே வேண்டாம். அதுல பொய் ஏதும் இல்லையே?"

ஏட்டன் யோசித்தார். "மின்னலைப்பத்திச் சொல்றதுல பொய் இல்லை" என்றார்.

வத்சன் போகும்போது அவன் முகத்தில் வேலை முடிந்த திருப்தி இருந்தது. மின்னல் மாஷ் வந்து மின்னலைப் பற்றிப் பேசினால் ஊர் மிச்சத்தைத் தானே முடிவுசெய்துகொள்ளும் என்று கணக்குப் போட்டான். கெட்டிக்காரன்தான். ஆனால் கம்பெனியில் உட்கார்ந்து ஒரு பீடி சுற்றினவன் இல்லை. அங்கே வகுப்பு எப்படி முடியும் என்று அவனுக்குத் தெரியாது.

"ஒரு பக்கம் எழுதிக் குடுத்துத் தொலைச்சிருக்கலாமே ஏட்டா" என்றேன். "செத்தவன் திரும்பி வரப்போறானா?"

"காஞ்சனே, நான் எழுதினதை நம்பித்தான் ஜனங்க மரத்தடியை விட்டு ஓடறாங்க. அதுல ஒரு பொய்யை வெச்சா அடுத்த மழைக்கு எவன் ஓடுவான்?" என்றார். பிறகு, "அவன் எப்படிச் செத்தான்? மறைக்காம சொல்லு" என்று கேட்டார்.

சொன்னேன். தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன். அம்மே என்று கூப்பிட்டதையும் சொன்னேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

அடுத்த சனிக்கிழமைக்குள் புலைத்தீட்டு முடிந்து ரோஹிணி வேலைக்கு வந்துவிட்டாள். பகல் டியூட்டி முடித்து நான் கொட்டகைக்குப் போனபோது ஏட்டன் பேச ஆரம்பித்திருந்தார். மடியில் முறமும் இலையும் புகையிலையுமாக அத்தனை பேரும் குனிந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். வத்சன் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஆட்கள் வெளியே. மேகத்தில் மின்சாரம் எப்படிச் சேருகிறது, மின்னல் ஏன் உயரமானதைத் தேடுகிறது, மனித உடம்பில் புகுந்தால் என்ன செய்யும் என்று ஏட்டன் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். கத்தரிக்கோல்களின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

"கேள்வி இருந்தா கேளுங்க" என்றார்.

வத்சன் எழுந்தான். "போதும் மாஷே, மழை வருது."

"கேள்வி கேட்காம நான் எழுந்திருச்சதில்லை வத்சா. உட்காரு."

ரோஹிணி மூன்றாம் வரிசையில் இருந்தாள். முண்டின் முந்தி முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்ததை முறத்தில், வெட்டிய இலைகளின்மேல் வைத்தாள். கறுத்துப்போன ஆணிகள். நாலைந்து இருக்கும்.

"அஸ்தி எடுக்கறப்போ எலும்போட கிடைச்சுது மாஷே" என்றாள். "மின்னல்ல ஆணி இருக்குமா?"

கத்தரிக்கோல்கள் நின்றன. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் எங்களால் எடுக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அவை சிதையில் கிடந்து இவள் விரலில் தட்டுப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ரோஹிணியேச்சி, துக்கத்துல இருக்கீங்க, வீட்டுக்கு வாங்க" என்று வத்சன் நடந்துவந்தான்.

"உன்னைக் கேட்கலை."

ஏட்டன் என்னைப் பார்க்கவில்லை. வத்சனையும் பார்க்கவில்லை. "மின்னல்ல ஆணி இருக்காது" என்றார்.

"அப்போ எதுல இருக்கும்?"

"குண்டுல."

அவள் முறத்தோடு எழுந்தாள். ஏட்டன்முன் போய் நின்று அந்த முறத்தாலேயே அவர் முகத்தில் அடித்தாள். புகையிலைத்தூள் பறந்தது, ஆணிகள் சிதறின. மறுபடி அடித்தாள். முறத்தின் விளிம்பு பட்டு நெற்றி கிழிந்தது. யாரும் தடுக்கவில்லை.

"ஏழு வருஷம் உங்க பள்ளிக்கூடத்துலதானே இருந்தான்? மேகத்தைச் சொல்லிக் குடுத்தீங்க, கடலைச் சொல்லிக் குடுத்தீங்க. மரத்தடியில நிக்காதேன்னு சொன்னீங்க. இவனுங்க பக்கத்துல நிக்காதேன்னு ஏன் சொல்லிக் குடுக்கலை? மின்னல் வருஷத்துக்கு ரெண்டு பேரைக் கொல்லுமா? இவனுங்க எத்தனை பேரைக் கொன்னானுங்க? அதை ஏன் எழுதலை?"

புகையிலை கண்ணில் விழுந்து, இரத்தம் அதன்மேல் வழிந்து, ஏட்டன் குருடன்போல நின்றார். "தப்புதான் ரோஹிணி" என்றார். "எனக்குப் பயமா இருந்துச்சு."

அதைக் கேட்டதும் அவள் கையிலிருந்து முறம் விழுந்தது. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வத்சன் எப்போது வெளியே போனான் என்று நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் செம்பாறையை வெட்டி இறக்கிய ஒரு சரிவு உண்டு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். அங்கே நின்றிருந்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். கட்டி என்ன பயன்? அவர்களில் பாதிப்பேருக்கு அம்மைக்குத்து ஊசி போட்டவள் நான். நடையைப் பார்த்தே பேர் சொல்வேன்.

ஒருவன் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் அழுத்தினான். நான் அவன் கையைக் கடித்தேன், உப்பும் இரத்தமும் வாயில் வரும்வரை விடவில்லை. வயிற்றில் முழங்காலால் இடித்தான். மற்றவர்கள் ஏட்டனைக் கீழே தள்ளினார்கள். முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரும்புக்குழாய் எலும்பில் படுகிற சத்தம் ஆஸ்பத்திரியில் கேட்கிற சத்தம் இல்லை. அங்கே அது முடிந்தபிறகுதான் எங்களிடம் வருகிறது.

"எந்தக் கையால எழுதுவீங்க மாஷே?" என்று ஒருவன் கேட்டான். மரியாதையாகக் கேட்டான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏட்டன் வலதுகையை மார்புக்குக் கீழே மறைத்துக்கொண்டார். இழுத்து வெளியே எடுத்து, ஒரு கல்லின்மேல் நீட்டிவைத்து, ஒருவன் மணிக்கட்டை மிதித்துக்கொள்ள, இன்னொருவன் அடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் போயின. கத்தாமல் இருக்க அவர் வீரர் ஒன்றும் இல்லை, கத்தினார். ஆனால் அவர்கள் கேட்டதைச் சொல்லவில்லை. "மின்னல்னு சொல்லு, விட்டுடறோம்" என்று ஒவ்வோர் அடிக்கும் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் சொன்னேன். "சொல்லித் தொலைங்களேன் ஏட்டா, சொல்லுங்களேன்" என்று அழுதேன். "இல்லை" என்றார். பல் உடைந்தபிறகு அந்தச் சொல்கூடத் தெளிவாக வரவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

வத்சன் அந்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான் என்று பந்திமுழுக்கச் சாட்சி சொன்னார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடத்தினோம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்காது என்று டாக்டர் சொன்னார். பத்திரிகையிலிருந்து ஒரு ஆள் வந்தார், பழம் வைத்துவிட்டு, அடுத்த வாரப் பத்திக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகத் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பழத்தைப் பெருக்குகிறவளிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ரோஹிணி வந்தாள். கட்டிலருகே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏட்டன் நெற்றியில் தையலைப் பார்த்தாள். அது அவள் கொடுத்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஏட்டனும் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணு கேட்கணும் மாஷே."

"கேளு."

"ஜீப் ஓட்டினவன் பொண்டாட்டி சொன்னா, வழியெல்லாம் கத்தினான்னு. அந்த நொடியே போயிட்டான்னு சொன்னதும் பொய்தானா? அவனுக்கு வலிச்சுதா?"

நான் பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கேள்வி கேட்டால் பதில் சொல்வதுதானே அவர் பிறவிக்குணம். விரல் போயும் விடாத வியாதி அது. நான் திரும்பி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ரோஹிணி, அடுப்புல கை பட்டா முதல்ல கையை இழுத்துக்கறே. அப்புறம்தானே சுடுது?"

"ஆமா."

"ஏன்னா வலி கையில இல்லை. கையிலேர்ந்து நரம்பு வழியாத் தலைக்குப் போய்ச் சேரணும், தபால் மாதிரி. அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். குண்டு அந்த நேரத்தைக் குடுக்காது. தபால் வந்து சேர்றப்போ வீட்டுல ஆள் இல்லை."

உடைந்த பல்லோடு மெதுவாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ரோஹிணி கம்பெனியில் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அப்போ கத்தினது?"

"கோழியை அறுத்தப்புறமும் துள்ளுதே. துள்றது கோழியா?"

"இல்லை. வெறும் உடம்பு."

"அதேதான். காத்து வெளிய வர்றப்போ சத்தம் வரும். அதுல பிஜேஷ் இல்லை."

அவள் யோசித்தாள். "அம்மேன்னு கேட்டுச்சுன்னு அவ சொன்னா."

ஏட்டன் கண்ணை மூடினார். இதற்கு அவரிடம் பதில் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது.

"உதடு மூடித் திறந்தா அந்தச் சத்தம்தான் வரும் ரோஹிணி. மாடுகூட அப்படித்தான் கத்துது."

"அப்போ அவன் என்னைக் கூப்பிடலை."

அது கேள்வி இல்லை. அவர் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு அவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது. மிச்சத்தை அவளே முடித்துக்கொண்டாள்.

"கூப்பிடலை" என்றார் ஏட்டன். "அவனுக்கு எதுவும் தெரியலை."

ரோஹிணி முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி மாஷே. வலிக்கலைன்னா போதும்" என்றாள். போகும்போது கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய போர்வையை எடுத்து அவர் காலில் போர்த்திவிட்டுப் போனாள்.

அவள் படியிறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் ஏட்டன் கேட்டார்.

"நம்பிட்டாளா?"

"நம்பாம என்ன? நல்லாத் தெளிவாச் சொன்னீங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளை மழை விடும்வரை அவளைத்தான் கூப்பிட்டான். அவளுக்கு அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

"ஒரு இடம் தப்பாப் போச்சு" என்றார்.

"தெரியும். கூப்பிடலைன்னு சொன்ன இடம்."

"எப்படிச் சொன்னாலும் அந்த இடம் வந்துடுது காஞ்சனே. அதை மட்டும் திருத்த முடியலை."

குழாயால் அடித்தபோது கத்தினாரே தவிர அழவில்லை. இப்போது அழுதார். வலதுகையில் கட்டுப் போட்டிருந்தது, இடதுகையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் தண்ணீர் கேட்டான். நான் எழுந்துபோய் அவனுக்குக் கொடுத்தேன்.